அந்த டைரியைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 52 வயது, கணவருக்கு 57. அவர் 1996-ல் அரசு வேலையில் சேர்ந்தவர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. திருச்சியில் இருக்கிறோம். மகளும் மகனும் வெளியூரில்.

ஓய்வு பெற்றதும் லால்குடி பக்கம் உள்ள சொந்த ஊருக்கே போய்விடலாம் என்கிறார். எனக்கு மனசே வரவில்லை. இங்கே ஆஸ்பத்திரி பக்கம், தென்னூர் உழவர் சந்தை பக்கம். மாமியார் படுக்கையில் கிடந்த நாலு வருடமும் நான்தான் அந்த வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்டேன். இவர் சனி, ஞாயிறு வந்து போவார்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு டைரியோடு உட்காருகிறார். பாஸ்புக் எண், இன்சூரன்ஸ், டெபாசிட் எல்லாம் அதில் எழுதியிருக்கிறார். "நான் இல்லாட்டி உனக்குத் தெரியணும்ல" என்பார். உடனே, அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விடுவேன். ராத்திரி தூக்கம் இல்லை. இவர் முதலில் போனால் நான் என்ன ஆவேன்? நான் முந்திக்கொண்டால், காபிகூடப் போடத் தெரியாத இவர் என்ன செய்வார்?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஆஸ்பத்திரி, சந்தை என்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மாமியாரைப் பற்றி இரண்டே வரி. நான் நின்றது அங்கேதான். நாலு வருடம் ராத்திரி பகலாக ஒருவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்த வீடு அது. நாளைக்கு அதே அறையில் நாம் கிடப்போமோ என்ற பயம் உள்ளே இருக்குமானால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? சனி, ஞாயிறு மட்டும் வந்து போனவருக்கு அது பிறந்த வீடு. பாக்கி ஐந்து நாள் அங்கே என்ன நடந்தது என்று அவருக்கு முழுசாகத் தெரியாது.

அந்த டைரியை அபசகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயத்தை அவர் எழுதித் தீர்க்கிறார், நீங்கள் எழுந்து போய்த் தீர்க்கிறீர்கள். வரும் ஞாயிறு ஒரே ஒரு பக்கம் பாருங்கள், போதும். அப்புறம் ஒரு நாள் இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போங்கள். கணக்குகளில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் வரும். அவருக்குப் பின் உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இது தெரிந்தாலே பாதி பயம் குறையும். அவரும் தினம் ஒருவேளை காபியாவது போடட்டும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தூக்கம் கெடுவதற்கு மாதவிடாய் நிற்கும் பருவமும் காரணமாக இருக்கலாம். ஒரு மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

ஊருக்குப் போவதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். லீவு போட்டு ஒரு மாதம் இருவருமாக அங்கே தங்கிப் பாருங்கள். அந்த அறைக்குள் அவரையும் அழைத்துப் போய் உட்காரவைத்து, அந்த நாலு வருடத்தைச் சொல்லுங்கள். அவர் உடனே பதில் பேசாமல் இருக்கலாம். விடுங்கள், அவருக்கு அது அம்மா போன அறை.