வில்லிஸ் ஜீப், மாஸ்டா பி600: பழைய வண்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள எது நல்லது?

வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டேதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மியான்மரில் யாரைக் கேட்டாலும் ஜீப் என்றுதான் சொல்வார்கள். குட்டி பிக்கப் வண்டியான மாஸ்டா என்றால் ‘தகர டப்பா’ என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது.

ஜீப்பைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். 2.2 லிட்டர் இஞ்சின், 60 குதிரைசக்தி, மூன்றே கியர். மாண்டலேயிலிருந்து மேமியோவுக்குப் போகும் மலைப்பாதையில் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் போட அவர் இறங்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைச் சுற்றிய புழுதியைத் துணியால் துடைத்த பிறகுதான் ஊற்ற விடுவார். ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால், 1970 டிசம்பர் 6 அன்று நாடே சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியபோது ஜீப்காரர்களுக்குத்தான் வசதியாகிப் போனது.

ஜீப் இரண்டாம் உலகப் போரோடு வந்தது என்றால், மாஸ்டா அந்தப் போருக்கு ஜப்பான் கொடுத்த இழப்பீட்டின் வழியாக வந்தது. அந்த இழப்பீட்டுத் திட்டத்தில் பாகங்களை இங்கேயே பூட்டிச் செய்த வண்டி. இஞ்சின் 577 சிசிதான். மாண்டலேயில் நீல டாக்சியாக அதைத்தான் அப்பா ஓட்டினார். பின்னால் எதிரெதிர் பலகையில் முழங்கால் இடிக்க ஆட்கள், கூரைமேல் வெங்காய மூட்டை, அதோடு ஜெஜோ மார்க்கெட் நெரிசலில் சந்து சந்தாகப் புகுந்து வரும். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் சாப்பிட்டதும் படித்ததும் அந்த வண்டியால்தான். ஜீப் எங்களுக்கு ஒரு வேளைச் சோறு போட்டதில்லை.

சரி, மலைப்பக்கம் சுற்ற வேண்டுமென்றால் ஜீப் வாங்குங்கள். ஆனால் பானெட்டைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெளியே வில்லிஸ், உள்ளே வேறு ஏதோ டீசல் இஞ்சின் இருக்கும். ஃபோர்டு செய்த ஜீப்பின் பாகங்களும் பெரும்பாலும் பொருந்தும் என்பதால் கலப்படமும் அதிகம். ஊருக்குள் ஓட்டத்தான் என்றால், நல்ல மாஸ்டா கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 2011இல், 40 வருடம் கடந்த வண்டியை அரசிடம் ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி செய்ய அனுமதி என்று திட்டம் வந்தது. எத்தனையோ நல்ல வண்டிகள் பழைய இரும்பாகப் போயின. சித்தப்பா மகனும் அந்த அனுமதிக்காக ஜீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது நானே எடுத்திருப்பேன்.