குடத்தைப் பார்த்தால் குயவர் தெரிகிறார், உலகத்தைப் பார்த்தால்?

கடவுள் நம்பிக்கைக்கு அறிவும் ஆதாரமும் துணை நிற்குமா என்று கேட்டு வந்தவற்றில், ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, வசவுகளை நீக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன். வசவுகள் இரு தரப்பிலிருந்தும் ஏறக்குறைய சம அளவில் வந்தன.

கேள்வி: ஆய்வகத்தில் சோதிக்கக்கூடிய ஒரே ஓர் ஆதாரம் காட்டுங்கள். நம்பிவிடுகிறேன்.

பதில்: அப்படி ஒன்று என்னிடம் இல்லை. ஆனால் "ஆய்வகத்தில் சோதிக்க முடிந்ததை மட்டுமே நம்ப வேண்டும்" என்ற உங்கள் விதியை எந்த ஆய்வகத்தில் சோதித்தீர்கள்? நிரூபணம் வேறு, ஆதாரம் வேறு. ஒரு கூற்று உண்மையானால் எதிர்பார்க்கக்கூடியதாகவும், பொய்யானால் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாததாகவும் இருப்பது எதுவோ, அது ஆதாரம். அது தராசுத் தட்டைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும்.

கேள்வி: குடம் இருந்தால் குயவர் இருந்தே ஆக வேண்டும். உலகம் இருக்கிறதே, செய்தவர் இல்லாமலா? இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: இந்த வாதத்தைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அதைச் சரியாகப் படித்ததில்லை. இந்தியத் தர்க்க மரபான நியாயத்தைச் சேர்ந்தவர்கள் பல நூற்றாண்டுகள் இதைத் தீட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒருவரான உதயனர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல, செய்யப்பட்ட பொருளைக் கண்டு செய்தவரை ஊகிக்கிறோம் என்பது அவர்கள் வழி.

சரி, ஒரு குடத்தைக் கையில் எடுங்கள். உட்புறம் தடவினால் விரல் இழுத்த வளையங்கள் தட்டுப்படும். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த பாத்திரமானால் அடியில் சிப்பியின் வரிகளைப்போலச் சுழிந்த தடம் இருக்கும். இவை குயவரைக் காட்டுவது ஏன்? குயவர் வேலை செய்வதை நாம் பார்த்திருக்கிறோம், அதனால்தான். இப்போது ஒரு கறையான் புற்றைப் பாருங்கள். அதுவும் மண்தான். உள்ளே அறைகள், வழிகள் என்று குடத்தைவிட நுட்பமான அமைப்பு. மண்ணால் ஆன வடிவமெல்லாம் குயவரின் வேலை என்றால் புற்றும் குயவர் செய்ததாகிவிடும். ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மகீர்த்தி கேட்டது இதைத்தான். குடம், உலகம் இரண்டையும் "செய்யப்பட்டது" என்ற ஒரே சொல்லால் அழைத்துவிட்டால் மட்டும் அவை ஒரே வகையாகிவிடுமா என்பது அவர் கேள்வி. சுமார் 1100 ஆண்டுகள் கழித்து, 1779-இல் வெளிவந்த உரையாடல் நூலில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமும் இதற்கு அருகே வந்து நின்றார்: உலகங்கள் உருவாவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி 1802-இல் குடத்துக்குப் பதில் கடிகாரத்தை வைத்தார். உயிரினங்களின் அமைப்பைப் பொறுத்தவரை 1859-இல் டார்வின் அதற்கு வேறு விளக்கம் கொடுத்துவிட்டார். நியாய மரபின் வாதம் அத்தோடு விழுந்துவிடவில்லை. அது உலகம் முழுவதையும் பற்றியது. ஆனால் தர்மகீர்த்தியின் புற்று இன்னும் அதன் வழியில்தான் இருக்கிறது.

கேள்வி: பெருவெடிப்பு என்றாலே படைப்புதானே? அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டதே!

பதில்: நிதானம். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியுமாக இருந்தது என்பது வரை சான்று உறுதியானது. அதற்கு முன் "ஒன்றுமே இல்லை" என்று அந்தக் கோட்பாடு சொல்லவில்லை. 1931-இல், பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை முன்வைத்த ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது லெமைத்ர் மகிழவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. அங்கி அணிந்தவருக்கே இல்லாத அவசரம் நமக்கு எதற்கு?

இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ்கூட, உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் மட்டும் நிறுவ முடியாது என்றுதான் கருதினார். காரணம் தேவைப்படாத ஒரு முதற்காரணம் உண்டு என்ற அவருடைய வாதம் காலத்தில் பின்னோக்கிப் போவதன்று. இந்தக் கணத்தில் உலகம் எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்பது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்றால் கடவுளுக்குக் காரணம் யார்?

பதில்: நாத்திக நண்பர்களே, இந்த அம்பை உறையில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று அக்வினாஸும் சொல்லவில்லை, உதயனரும் சொல்லவில்லை. தோன்றுவதற்கும் பிறிதைச் சார்ந்திருப்பதற்கும்தான் காரணம் கேட்டார்கள். காரணம் வேண்டாத அந்த ஒன்று பிரபஞ்சமாகவே இருந்தால் என்ன என்று கேளுங்கள். அது கூரான அம்பு.

கேள்வி: இயற்கை மாறிலிகள், அதாவது ஈர்ப்பு விசையின் வலிமை போன்ற மாறாத அளவுகள், உயிர் தோன்றுவதற்கு ஏற்றபடி அமைந்திருப்பது?

பதில்: இன்றைய வாதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். நட்சத்திரங்களுக்குள் கார்பன் உருவாக அதன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953-இல் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் கணித்தார். சோதனையில் அது இருந்தது. கடவுளை நம்பாத அவரே, ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கை வைத்ததுபோல் தெரிகிறது என்று பின்னாளில் எழுதினார். ஆனால் அந்த மாறிலிகள் வேறாக இருந்திருக்க முடியுமா? முடியும் என்றால் எத்தனை சதவீத வாய்ப்பு? அந்தக் கணக்குக்கு அடிப்படை எவரிடமும் இல்லை. தட்டு சாய்கிறது, எவ்வளவு என்று படிக்க அளவுகோல் இல்லை.

கேள்வி: மருத்துவர்கள் கைவிட்ட என் அம்மா பிரார்த்தனையால் பிழைத்தார். இது ஆதாரம் இல்லையா?

பதில்: அவர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. உங்கள் நன்றியுணர்வோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பிரார்த்தித்தும் தாயை இழந்தவர்கள் எனக்கு எழுதுவதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதவர்களில், நடந்த குழுவில் 52 சதவீதத்தினருக்கும் நடக்காத குழுவில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல் ஏற்பட்டது. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த குழுவில் 59. கடவுளை மருந்துபோலச் சோதிக்கலாமா என்று பக்தர்கள் கேட்பது நியாயமே. ஆனால் சோதனைக்கு அப்பாற்பட்டவர் என்றால், குணமானதையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது.

கேள்வி: பச்சைக் குழந்தைகள் ஏன் துன்பப்படுகின்றன?

பதில்: 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். காலை வழிபாட்டுக்குக் கூட்டம் நிரம்பியிருந்த போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத் தேவாலயங்கள் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தன. மனிதர் செய்யும் தீமைக்கு அவர்களது சுதந்திரத்தைக் காரணம் காட்டலாம். நிலத்தட்டுகளுக்கு ஏது சுதந்திரம்? முற்பிறவி வினை என்றால் கேள்வி ஒரு பிறவி பின்னால் தள்ளிப்போகிறது.

"அவன் கணக்கு நமக்குப் புரியாது" என்பார்கள். தர்க்கப்படி அதில் பிழையில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அவன் மனம் நமக்கு எட்டாது என்றால், உலகின் ஒழுங்கைப் பார்த்து "இது அவன் திட்டம்" என்று சொல்லும் உரிமையும் போய்விடுகிறது. என் பார்வையில் தராசின் மறுதட்டில், அதாவது நம்பிக்கைக்கு எதிரான தட்டில், இருக்கும் மிகக் கனமான கல் இதுவே.

கேள்வி: கடவுள் இருந்தால் லாபம், இல்லாவிட்டாலும் நம்பினால் நஷ்டமில்லையே? பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பந்தயமாக வைத்துச் சொன்னதுபோல.

பதில்: எந்தக் கடவுள்மீது பந்தயம் கட்டுவது? அடுத்த கேள்வி.

கேள்வி: சுற்றி வளைக்காதீர்கள். உங்கள் முடிவு என்ன?

பதில்: நம்புகிறவர் அறிவைக் கைவிட்டவர் அல்லர், ஆனால் அறிவு அவரை அங்கே தள்ளவும் இல்லை. வாதங்கள் வென்றாலும் கிடைப்பது ஒரு முதற்காரணம். அது நல்லதா, உங்களை அறியுமா, அழுதால் கேட்குமா என்பதை அந்த வாதங்கள் தொடுவதே இல்லை. வேதத்தை உயிராக மதித்த மீமாம்ச மரபின் அறிஞர் குமாரிலரே படைத்தவர் ஒருவர் உண்டு என்பதை மறுத்தார். நான் நம்புகிறேனா என்று கேட்டால், சில காலைகளில்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கடவுள் இல்லை என்கிறான். எந்த வாதத்தைச் சொன்னால் மனம் மாறுவான்?

பதில்: குடத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், புற்றோடு காத்திருப்பான். துன்பப்படும் பச்சைக் குழந்தைகளைப் பற்றித்தான் அவன் கேட்பான். அப்போது "நமக்குப் புரியாது" என்று உடனே சொல்லிவிடாமல் இருந்தால், பேச்சு அதற்கு மேலும் தொடரும்.