மனதைத் திடமாக வைத்துக்கொண்டால் மனச்சோர்வு போய்விடாதா?

"தம்பிக்கு மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூளையில் அப்படி என்னதான் மாறிவிடுகிறது? மனதைத் திடமாக வைத்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் தம்பியின் போர்வையை இழுத்து, "எழுந்து நாலு பேரைப் பார், எல்லாம் சரியாகும்" என்றும் சொல்லியிருப்பீர்கள். என் அண்ணன் அதைத்தான் செய்தார். கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. கோவை கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வருகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். என்னுடையது பழுதான பிறகுதான் படித்தேன்.

காயில் சுற்றும்போது சுற்றுகளை எண்ண வேண்டும். ரேடியோ கேட்டுக்கொண்டே எண்ணுவேன், விரலுக்கே கணக்குத் தெரியும். அன்று நாற்பதில் விட்டுப்போனது. அவிழ்த்துச் சுற்றினேன், முப்பதில் விட்டது. நான்காம் முறை கம்பி மடங்கி எனாமல் உரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருத்தம்கூட வரவில்லை. பட்டறைப் பையன் வைத்த டீ ஆடை படிந்து ஆறியது. சாயங்காலம் அவனே கொட்டிக் கழுவினான். வீட்டில் சாவு இல்லை, தலைக்கு மேல் கடனும் இல்லை. அதனால்தான் யாரும் நம்பவில்லை.

மோட்டாரில் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று உண்டு. சுமை மிஞ்சினால் ஓட்டத்தை நிறுத்திவிடும். மூளையிலும் அப்படி ஏற்பாடு இருக்கிறது. பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி ஆபத்து என்று கூவும். உடனே கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை "ஒன்றுமில்லை, அடங்கு" என்று சொல்லும். நினைவைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி "கார்ட்டிசோல் போதும்" என்று தகவல் அனுப்பும். மனச்சோர்வில் பலருக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. சோகமான முகத்தைப் பார்த்தாலே அமிக்டலா அதிகம் துள்ளுகிறது, முன்மூளையின் அதட்டல் எடுபடுவதில்லை, கார்ட்டிசோலும் நேரத்துக்கு இறங்குவதில்லை. பல வருடம் நீடித்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படியே என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்து ஒருவருக்கு மனச்சோர்வு என்று சொல்லிவிடவும் முடியாது.

இப்போது சொல்லுங்கள், எதை வைத்து மனதைத் திடப்படுத்துவது? திடப்படுத்துகிற பாகம்தானே பழுது? ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரடியாக இணைப்புக் கொடுத்து ஓட்டுவார்கள் சிலர். கருகிய மோட்டார் என்னிடம்தான் வரும். பழுதைப் பார்க்காமல் "எழுந்திரு" என்று போர்வையை இழுப்பதும் அதுபோலத்தான்.

"செரடோனின் கதையே பொய் என்று 2022இல் நிரூபித்துவிட்டார்கள், மாத்திரையை நிறுத்து" என்று ஒரு சொந்தக்காரர் செய்தி அனுப்பினார். மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனமான செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொன்னது. மருந்து கேட்குமா, கேட்காதா என்பதை அது ஆராயவே இல்லை. மாத்திரை சில மணி நேரத்திலேயே செரடோனினைக் கூட்டத் தொடங்குகிறது. மனம் தெளியவோ வாரக்கணக்கில் ஆகிறது. ஆக, விஷயம் குறைந்ததை ஊற்றி நிரப்புவது போல எளிதானது இல்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் டொராண்டோவில் எந்த மருந்துக்கும் மசியாத ஆறு பேரின் மூளைக்குள், சோகத்தோடு தொடர்புள்ள பகுதி 25 என்ற இடத்தில், மின்சாரம் கொடுக்கும் மின்முனை வைத்துப் பார்த்தார்கள். நான்கு பேர் தேறினார்கள். பிறகு நடந்த பெரிய சோதனை அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. ஆனாலும் மின்சாரக்காரன் எனக்கு அதைப் படித்தபோது உடல் சிலிர்த்தது.



தம்பி சாவைப் பற்றி ஏதாவது பேசினால் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

நான் மாத்திரை எடுக்கத் தொடங்கிய ஐந்தாவது வாரம் ஒரு நாள், டீயில் சர்க்கரை இல்லை என்று பட்டறைப் பையனைத் திட்டினேன். அவன் முறைக்கவில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, என் மனைவிக்குப் போன் செய்ய வெளியே ஓடினான்.