நுகர்வோர் கேள்வி-பதில்: மலைப்பாதையில் மின்சார சைக்கிள்

கேள்வி: டிக்கோயா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன். ஹட்டனில் ஒரு கடையில் வேலை. போக 8 கிலோமீற்றர், வர 8 கிலோமீற்றர். பஸ் தவறினால் ஆட்டோவுக்குக் கொடுத்தே சம்பளம் கரைகிறது. டவுனில் உள்ள சைக்கிள் கடையில் மின்சார சைக்கிள் வாங்கச் சொல்கிறார்கள். 36 வோல்ட், 10 அம்பியர் மணி பற்றரி. ஒரு சார்ஜில் 60 கிலோமீற்றர் ஓடுமாம். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 60 கிலோமீற்றரை மறந்துவிடுங்கள். அது சமதரையில், நீங்களும் நன்றாக மிதித்தால் கிடைக்கிற கணக்கு. மலையில் பற்றரியைத் தின்பது தூரத்தைவிட ஏற்றம்தான்.

36ஐ 10ஆல் பெருக்கினால் 360 வாட் மணி. உங்கள் பற்றரியில் இருக்கும் சக்தி அவ்வளவுதான். நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்தால், 100 மீற்றர் உயரம் ஏற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து 35 முதல் 40 வாட் மணி போகும். சமதரையில் கிலோமீற்றருக்கு 8 வாட் மணி என்று கொள்ளுங்கள். போக்கிலும் வரவிலுமாக நாளொன்றுக்கு 300 மீற்றர் ஏறுகிறீர்கள் என்றால், மொத்தம் 250 வாட் மணி அளவில் வரும். பற்றரி புதிதாக இருக்கும்வரை தாராளம். சில வருடங்களில் அதன் கொள்ளளவு குறையும். குளிர் காலையில் இன்னும் கொஞ்சம் குறையும். அப்போதும் நீங்கள் மிதித்து உதவினால் சமாளிக்கலாம். உங்கள் பாதையின் ஏற்றத்தை தொலைபேசியிலுள்ள வரைபடச் செயலியில் பார்த்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார் உள்ள வண்டி, பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவில் மணிக்கு 9 கிலோமீற்றருக்கு மேல் உங்களைத் தனியாக இழுக்காது. அந்த மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஏறினால் மோட்டார் சூடேறும். பெடல் அச்சில் மோட்டார் பொருத்திய வண்டி கியரைப் பயன்படுத்தி ஏறுவதால் மலைக்கு அதுவே பொருத்தம். விலை கூடும், சங்கிலியும் சீக்கிரம் தேயும். பின்சக்கர மோட்டார்தான் கைக்கெட்டும் விலை என்றால், மிதித்தே ஏறுவது என்று தீர்மானித்துக்கொண்டு வாங்குங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இறக்கம். இந்த வண்டிகள் 25 கிலோவரை இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரத்தில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் பிரேக்கை நம்பி இறங்காதீர்கள். டிஸ்க் பிரேக் வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது இன்னும் நல்லது. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: பின்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, மோட்டாரை ஓடவிட்டு, பிரேக் பிடியை இலேசாக இழுங்கள். அந்தக் கணமே மோட்டாருக்கு மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காத வண்டி எனக்கு இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். இறங்கும்போது பற்றரி தானாக நிரம்பும் என்று விற்பனையாளர் சொன்னால், இந்த வண்டியில் அது நடக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான மின்சார சைக்கிள்களில் அது கிடையாது.

கடையின் முன்னுள்ள சமதரையில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. வழக்கமாகக் கொண்டுபோகும் பையோடு, உங்கள் பாதையிலுள்ள மிகச் செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டக் கேளுங்கள். உள்ளூர்க் கடையில் வாங்குவதன் பெரிய நன்மையே இதுதான். பிரேக் பட்டையும் சார்ஜரும் அவர்களிடம் கையிருப்பில் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள்.

பற்றுச்சீட்டில் பற்றரியின் வோல்ட், அம்பியர் மணி, தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் எல்லாம் இருக்கட்டும். மிதிக்காமலே ஓடும் வண்டி மோட்டார் சைக்கிளாகக் கருதப்பட்டால் பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டியிருக்கும். ஆகவே நீங்கள் வாங்கும் வண்டிக்குப் பதிவு தேவையா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். விற்றவர் பிறகு கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் அழைக்கலாம். முறைப்பாட்டைத் தாமதிக்காமல் எழுத்திலும் கொடுங்கள்.

கேள்வி: மின்சாரமும் நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தானே வருகிறது? இதில் சூழலுக்கு என்ன இலாபம்? (கொட்டகலை வாசகர்)

பதில்: நிலக்கரியிலும் வருகிறது, காசல்ரீ, மவுசாக்கலை நீரிலும், தலவாக்கலையில் மேல் கொத்மலை நீரிலும் வருகிறது. ஆனால் எவ்வளவு செலவாகிறது என்பதையும் பாருங்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. மேலே சொன்ன பற்றரியை முழுதாக நிரப்ப அரை யூனிட்டுக்கு மேல் போகாது. ஒரு லீற்றர் பெற்றோலில் இருக்கும் சக்தி ஏறத்தாழ 9 யூனிட். ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக இதை ஓட்டினால் இலாபம் பெரிது. நடந்தோ பஸ்ஸிலோ போகிறவர் இதற்கு மாறினால் சூழலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அவருக்கு மிஞ்சுவது நேரம்தான். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு அதுவும் சின்ன விஷயமல்ல.

கேள்வி: லயன் வீட்டில் இரவு முழுவதும் சார்ஜில் போடலாமா? (பொகவந்தலாவை வாசகி)

பதில்: வேண்டாம். பழைய வயரிங், ஒரே வாசல், அடுத்தடுத்துக் குடும்பங்கள். லிதியம் பற்றரி தீப்பிடித்தால் தப்ப நேரம் இருக்காது. நீங்கள் விழித்திருக்கும் வேளையில், வண்டியோடு வந்த சார்ஜரிலேயே, சுவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். வாசலை மறித்தோ, அடுப்புக்கும் விறகுக்கும் பக்கத்திலோ, மெத்தை மேலோ வைக்க வேண்டாம். மழையில் நனைந்து வந்தால் துடைத்து, இணைக்கும் முனை காய்ந்த பிறகுதான் சார்ஜ். அந்த முனையில் பச்சையாகக் களிம்பு தெரிந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றி எடுக்கக்கூடிய பற்றரி உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினால் சைக்கிளை வீட்டுக்குள் தள்ள வேண்டியதில்லை.

பற்றரி உப்பினாலோ, இனிப்பான இரசாயன வாடை வீசினாலோ மறுபடி சார்ஜ் போடாமல் வெளியே, வீட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டு விற்ற கடைக்குச் சொல்லுங்கள். பழைய பற்றரியைத் திரும்ப எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். அதை ஆற்றிலும் தேயிலைக் கானிலும் எறிய வேண்டாம்.