சாக்ஸபோனுக்கு நாற்காலி போடாத ஆர்கெஸ்ட்ரா: கேள்வி பதில்

மேற்கத்தியச் செவ்விசையில் சாக்ஸபோன் வாசித்துப் பிழைக்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் இருபது வருடமாக ஆல்டோ (நடுத்தர அளவு சாக்ஸபோன்) வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஜான் ஹார்ல். வாசிப்பவர், இசையமைப்பாளர், குழுக்களை நடத்துபவர் என எல்லாமாக இருப்பவர். அவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஹார்ல் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1956-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் ராணுவ பேண்டில் வாசித்தார். பிறகு லண்டன் ராயல் இசைக் கல்லூரியிலும் பாரிஸிலும் படித்தார். இசையமைப்பாளர் மைக்கேல் நைமனின் குழுவில் வாசித்தார், கில்ட்ஹால் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 'சைலன்ட் விட்னெஸ்' என்ற பிபிசி தொடரின் தலைப்பிசை அவர் போட்டதுதான். வயலின்காரர் ஒருவருக்கு இத்தனை வேலை தேவைப்படாது, சாக்ஸபோன்காரருக்குத் தேவைப்படும். ஏன் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

சார், ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்து மாதச் சம்பளம் வாங்கலாமே? எதற்கு இத்தனை அலைச்சல்?

சேர இடம் இருந்தால்தானே! சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் சாக்ஸபோனுக்கு என்று நிரந்தர நாற்காலி கிடையாது. அடால்ஃப் சாக்ஸ் இதற்குப் பாரிஸில் காப்புரிமை பெற்றது 1846-ல். அதற்குள் ஆர்கெஸ்ட்ராவின் அமைப்பு கெட்டிப்பட்டுவிட்டது. மொசார்ட்டும் பேத்தோவனும் இந்த வாத்தியத்தைப் பார்க்காமலே போய்விட்டார்கள். எந்தப் படைப்பிலாவது சாக்ஸபோன் வந்தால் அன்றைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுவார்கள்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதிய 'கண்காட்சியில் சித்திரங்கள்' படைப்பை 1922-ல் இசையமைப்பாளர் ராவெல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். அதில் 'பழைய கோட்டை' என்ற பகுதியில் மட்டும்தான் ஆல்டோ வரும். ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் அதற்கு என்னை அழைத்திருந்தார்கள். முதல் பகுதிகள் ஓடும்போது வாத்தியத்தை மடியில் வைத்து, காற்று ஊதி ஊதிச் சூடாக வைத்திருந்தேன். ஆறிப்போனால் சுருதி இறங்கிவிடும். ரீட் (ஊதும் வாயில் அதிர்கிற மெல்லிய நாணல் சீவல்) காயாமல் நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே இருந்தேன். பாஸூன் என்ற கீழ்ச்சுருதிக் குழல் வாத்தியம் ஆரம்பித்தது, என் முறை வந்தது, நாலைந்து நிமிடம் வாசித்தேன். அவ்வளவுதான். கடைசிவரை கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த நாலைந்து நிமிடத்துக்காக இன்னொரு தடவை கூப்பிட்டாலும் போவேன். ஆனால் அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது.

பாரிஸில் என்ன விசேஷம்? எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்.

பாரிஸ் கன்சர்வட்வார் என்ற இசைக் கல்லூரியில் 1857-ல் அடால்ஃப் சாக்ஸே சாக்ஸபோன் வகுப்பு எடுத்தார். 1870-ல் அது மூடப்பட்டது. மறுபடி திறக்க 1942 ஆயிற்று, அதாவது 72 வருடம்! திறந்தபோது ஆசிரியராக வந்தவர் மார்செல் ம்யூல். 1968 வரை அவர்தான். அவருக்குப் பின் அந்த வகுப்புக்கு வந்தவர் அவருடைய மாணவர் தானியேல் டெஃபாயே. ஹார்ல் படித்தது டெஃபாயேயிடம். ஆக, ம்யூலுக்குப் பேரன் முறை.

ம்யூல் இளமையில் நடனக் குழுக்களிலும் வாசித்தவர். ஜாஸ்காரர்கள் சுரத்தை அசைக்கும் விதத்தை அங்கே பிடித்துக்கொண்டு, அதை அளவோடு செவ்விசைக்குக் கொண்டுவந்தார். கேட்க எளிதாக இருக்கும், பழகுவது கடினம். மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு நீண்ட சுரத்தில் தட்டுக்கு இரண்டு அலை வருகிற மாதிரி கீழ்த்தாடையை லேசாக அசைக்க வேண்டும். அப்புறம் மூன்று, பிறகு நான்கு. மெதுவாக வேகத்தைக் கூட்டி 76-ல் நான்கு அலை சீராக வந்தால் காதுக்கு இதமாக இருக்கும். எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க இதிலேயே போயிற்று.

புரோம்ஸ் கச்சேரியில் ஏதோ ரகளை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. புரோம்ஸ் என்பது லண்டனில் கோடையில் நடக்கும் பிபிசியின் செவ்விசைக் கச்சேரி வரிசை. இது 1995 புரோம்ஸின் கடைசி இரவு. ராயல் ஆல்பர்ட் ஹாலில் கொடியாட்டி, தேசபக்திப் பாட்டுகள் பாடுகிற விழா அது. அங்கே இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில் எழுதிய 'பேனிக்' படைப்பை ஹார்ல் வாசித்தார். ஆல்டோ சாக்ஸபோன், டிரம்ஸ், காற்று வாத்தியங்கள், தாள வாத்தியங்கள் மட்டுமே. வயலின் கூட்டமே இல்லை. சுமார் 18 நிமிடம் ஒரே ஆவேசம். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிபிசிக்குப் போன் போட்டுத் திட்டினார்கள்.

அது துணிச்சலான வாசிப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். பிடிக்காமல் போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஒரே இரவில், செவ்விசை சாக்ஸபோன் என்று ஒன்று உண்டு என்பது அந்த நாட்டுக்கே தெரிந்தது.

ஐயா, கத்ரி கோபால்நாத் வாசித்ததும் கிளாசிக்கல்தானே? அவரை ஏன் சேர்க்கவில்லை?

நல்லவேளை கேட்டீர்கள். அவரும் செவ்விசைக் கலைஞர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். பாதைதான் வேறு. நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கமகத்துக்கு ஏற்றபடி வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார். சாக்ஸபோனில் விரலால் அழுத்தும் சாவிகள் சுரங்களைத் தனித்தனியாகத்தான் வெட்டிக் கொடுக்கும், அவற்றை இழைக்கும் வேலையை உதடும் தாடையும் மூச்சும் செய்ய வேண்டும். ஹார்லின் 'பேனிக்'குக்கு ஒரு வருடம் முன், 1994-ல், அதே ஆல்பர்ட் ஹாலில் அதே புரோம்ஸில் கத்ரி கர்நாடக இசை வாசித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

வாசிப்பவர் இசையமைக்கவும் குழுவை நடத்தவும் ஏன் போக வேண்டும்? ஒன்றையே ஒழுங்காகச் செய்தால் போதாதா?

வாசிக்கப் படைப்புகள் வேண்டுமே, தம்பி. பாஸ்டனில் எலீஸ் ஹால் என்ற பெண்மணி தானே பணம் கொடுத்து, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியிடம் சாக்ஸபோனுக்கு ஒரு படைப்பு கேட்டார். டெபுஸி இழுத்தடித்து, முடிக்காமலே 1918-ல் இறந்துபோனார். வேறொருவர் பூர்த்தி செய்து 1919-ல்தான் அரங்கேறியது. நம் வாத்தியத்தின் கதை அப்படி. அதனால் சாக்ஸபோன்காரர்கள் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள், இல்லை தாங்களே எழுதுவார்கள்.

நடத்துவதும் இயல்பாக வந்துவிடும். நான்கு சாக்ஸபோன் குழுவில் பெரும்பாலும் சொப்ரானோ (நால்வரில் மேல்சுருதி சாக்ஸபோன்) வாசிப்பவர்தான் மற்றவர்களைத் துவக்கிவைப்பார். வாத்தியத்தை ஒரு அங்குலம் தூக்கி, அடுத்த தாளத்தின் வேகத்திலேயே மூச்சை இழுப்பார். மற்ற மூவரும் அதைப் பார்த்து நுழைவார்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் மாதிரி கையில் குச்சி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள், ஆல்டோ கற்கிறாள். முதலில் எதைக் கேட்கச் சொல்லட்டும்?

கிளாசுனோவ் 1934-ல் எழுதிய கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியம் முன்னே நின்று குழுவோடு வாசிக்கும் படைப்பு. சாக்ஸபோனுடன் தந்தி வாத்தியங்கள் மட்டும், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஹார்ல், நெவில் மாரினர் நடத்திய குழுவுடன் இதைப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடவை சும்மா கேட்கட்டும். இரண்டாம் தடவை, அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பென்சிலால் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.