ஸ்போர்ட்ஸ் காரின் முன் பம்பருக்கு நாமே பெயிண்ட் அடித்தால் சரியாக வருமா?

முன் பம்பர் முழுக்கக் கல்லடித்த புள்ளிகள், கீழ் உதட்டில் உரசல், மற்றபடி கார் நன்றாகத்தான் இருக்கிறது, பம்பரை மட்டும் கழற்றி நானே அடித்தால் நிற்குமா, நிறம் தனியாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிற்கும். நிறமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். நான் இரண்டு முறை அடித்திருக்கிறேன், இரண்டும் ஒரே பம்பருக்கு. ஒரே பம்பருக்கு ஏன் இரண்டு முறை என்பதில்தான் உங்களுக்கான பதில் முக்கால்வாசி இருக்கிறது.

என்னுடையது வெள்ளி நிற மெட்டாலிக், இரண்டே இருக்கை உள்ள பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. முன் பம்பர் கிழிந்துபோனதால் பெயிண்ட் அடிக்காத கறுப்பு பம்பர் ஒன்றை வாங்கினேன். புதுசுதானே, சுத்தமாகத்தானே இருக்கும் என்று தின்னரில் துணியை நனைத்து ஒரு துடை துடைத்துவிட்டு பிரைமர் என்ற அடிப்பூச்சு, கலர், அதன் மேல் கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு என்று வரிசையாக அடித்து மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் பிரஷர் வாஷரால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லடிப் புள்ளியின் ஓரத்தில் தண்ணீர் நுழைந்து, ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர் போல உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் எழும்பி வந்துவிட்டது. அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் சாம்பல் பிரைமர், அந்தப் பிரைமரின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பம்பரிலும் அந்த இடம் வாங்கிய அன்று இருந்த அதே பளபளப்போடு கறுப்பாகத் தெரிந்தது. அதாவது பிரைமர் அந்தப் பிளாஸ்டிக்கை ஒரு நாளும் பிடிக்கவே இல்லை, நான்கு மாதமாகச் சும்மா மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது.

காரணம் எளிது. இப்போதைய பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனில் ரப்பர் கலந்து செய்தவை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிபி, ஈபிடிஎம், டிபிஓ என்று அச்சில் வார்த்த எழுத்து இருக்கும். இந்த வகைப் பிளாஸ்டிக்கின் மேல் எதுவும் சுலபத்தில் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர் கதைதான். தொழிற்சாலைகளில் தீச்சுடரை மேலே ஓடவிட்டோ ஒட்டுப் பிரைமர் பூசியோ மேற்பரப்பைத் தயார் செய்த பிறகே பெயிண்ட் அடிக்கிறார்கள். போதாததற்கு, அச்சிலிருந்து பம்பர் சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசும் வழுக்கும் மருந்து புதிய பம்பரின் மேல் மிச்சம் இருக்கலாம். தின்னர் துணியால் துடைத்தால் அது போகாது, இன்னும் கொஞ்சம் பரவும்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் பம்பரில் ஏற்கெனவே கம்பெனி பெயிண்ட் இருக்கிறது, கல் பட்ட இடம் தவிர மற்ற இடத்தில் அது கெட்டியாகப் பிடித்தும் இருக்கிறது. அதைவிட நல்ல அடித்தளம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் சுரண்டிப் பிளாஸ்டிக் வரை போய்விடாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் பக்கமே போகவேண்டாம், சில வகை பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும்.

கழற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு காருக்கும் அது வேறு வேறு. மேலே வரிசையாக பிளாஸ்டிக் கிளிப்புகள், அடியில் போல்ட்டுகள், அப்புறம் சக்கர வளைவுக்குள் பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்குரூ. பம்பரைப் பிடித்து இழுத்து அதன் மாட்டும் காதை உடைப்பவர்கள் எல்லாரும் மறப்பது அந்த ஒன்றைத்தான். பனி விளக்கு ஒயரையும் பார்க்கிங் சென்சார் ஒயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போதே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டால் மாட்டும்போது தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் புதிய கார் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அளக்கும் அந்த ரேடார் 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, அலைநீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். அதன் முன்னால் பட்டியோ, மெட்டாலிக் பெயிண்டின் கூடுதல் அடுக்குகளோ தடிமனாக ஏறினால் அது பார்ப்பது தப்பாகப் போகலாம். அந்த இடத்தில் என்ன செய்யலாம், எத்தனை மைக்ரான் வரை பெயிண்ட் இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே பழுதுபார்க்கும் கையேட்டில் வரம்பு போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

இனி நிஜமான வேலை. முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு முன்னும் பின்னும் கழுவுங்கள். பின்பக்கத்து அழுக்குதான் ஸ்ப்ரே காற்றில் பறந்து வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும். காய்ந்த பிறகு மெழுகும் எண்ணெயும் எடுக்கும் திரவத்தை ஒரு துணியால் பூசி, அது காய்வதற்குள் வேறொரு துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் எண்ணெயை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கிறீர்கள், அவ்வளவுதான். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடும் சிலிக்கான் பாலிஷை அன்றைக்கு வேலை செய்யும் இடத்துக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது துளி பட்டாலும் கலர் அந்த இடத்தில் விலகி மீன் கண் போல வட்டமாகக் குழி விழும்.

சுத்தம் செய்த பிறகுதான் தேய்க்கவேண்டும், தேய்த்துவிட்டுச் சுத்தம் செய்தால் உப்புத்தாள் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் புதைத்துவிடும். ஒவ்வொரு கல்லடிப் புள்ளியின் ஓரத்தையும் 320 நம்பர் தாளால் சரிவாகத் தேய்க்கவேண்டும். கிளியர், கலர், பிரைமர் மூன்றும் மரத்தின் வளையங்கள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்து தெரியும், ஒவ்வொரு வளையமும் சில மில்லிமீட்டர் அகலமாவது வரும்வரை தேயுங்கள். கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால், பார்த்தபோது இல்லாத படிகள் விரலுக்குத் தெரியும். விரலுக்குத் தெரிவது கிளியர் பூசிய பிறகு வெயிலில் ஊருக்கே தெரியும். கீழ் உதட்டு உரசலில் பிளாஸ்டிக் பிசிறு நிமிர்ந்து நிற்கும், தேய்க்கத் தேய்க்க அது பஞ்சு மாதிரி எழுந்துகொண்டே இருக்கும், கூர்மையான பிளேடால் அதைச் சீவிவிட்டுத் தேயுங்கள். குழி ஆழமாக இருந்தால் பிளாஸ்டிக்குக்கென்றே வரும் வளையக்கூடிய பட்டியை வாங்குங்கள். தகரத்துக்குப் போடும் சாதாரணப் பட்டி பம்பர் வளையும்போது வெடித்துவிடும்.

கறுப்புப் பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடத்தில் மட்டும் அட்ஹீஷன் புரோமோட்டர் என்று விற்கும் திரவம் மெல்லிசாக ஒரு கோட், அதன் மேல் 2கே பிரைமர், அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் பிரைமர், இரண்டு மூன்று கோட். பிரைமர் காய்ந்ததும் அதன் மேல் ஏதாவது கறுப்பு ஸ்ப்ரேயைப் புகை மாதிரி லேசாகத் தூவிவிட்டு 600 தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கறுப்பு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம். மீதிப் பம்பர் முழுவதையும் 600 அல்லது 800 தாளாலும், கிரில் ஓரம், பனி விளக்குக் குழி, மடிப்புகள் எல்லாவற்றையும் பாத்திரம் தேய்க்கும் நார் போன்ற சாம்பல் நிற ஸ்கஃப் பேடாலும் மங்கலாக்குங்கள். ஒரு மடிப்பில் பளபளப்பு மிச்சமிருந்தால் பெயிண்ட் உரிவது அந்த மடிப்பிலிருந்துதான் தொடங்கும். இரண்டாம் முறை எனக்கு இந்தத் தேய்ப்பு மட்டும் இரண்டு முழு நாள் ஆனது. பெயிண்ட் அடிக்க ஆன நேரம், கோட்டுக்கு நடுவே காத்திருந்ததையும் சேர்த்து, இரண்டு மணி நேரம்.

நிறத்துக்கு வருகிறேன். குரோம் பம்பர் காலத்தில் இந்தக் கவலையே இல்லை. 1968-இல் போன்டியாக் ஜிடிஓ உடல் நிறத்திலேயே வளைந்துகொடுக்கும் பம்பரோடு வந்தது, 1973 கார்வெட்டின் மூக்கும் யூரித்தேன் என்ற வளையும் பிளாஸ்டிக்குக்கு மாறியது, அப்போதிலிருந்து தகரமும் பிளாஸ்டிக்கும் ஒரே நிறமாகத் தெரியவேண்டும் என்ற தலைவலி நம்மோடு இருக்கிறது. கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள பட்டையில் நிறக் குறியீடு இருக்கும். ஆனால் குறியீடு ஒரு தொடக்கம்தான். ஒரே குறியீட்டுக்குள் கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் கருமையாக என்று பல சாயல்கள் உண்டு, வருடக்கணக்கில் வெயில் பட்ட ஃபெண்டர் குறியீட்டிலிருந்து இன்னும் விலகியிருக்கும். ஃபெண்டரை பாலிஷ் செய்துவிட்டு அதை வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு அட்டையில் கலரும் கிளியரும் அடித்து, காய்ந்ததும் ஃபெண்டர் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். இந்த அட்டையைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் பிறகு பெயிண்ட் கலந்தவரைத் திட்டுகிறார்கள்.

வெள்ளி மெட்டாலிக்கில் இன்னொரு வம்பு. கலவை அதேதான், ஆனால் ஈரமாக அடித்தால் அலுமினியத் துகள் உள்ளே அமிழ்ந்து கருமையாகத் தெரியும், தூரத்திலிருந்து உலர்வாக அடித்தால் துகள் மேலேயே நின்று வெளுப்பாகத் தெரியும். அதனால் அட்டையை அடித்த அதே தூரம், அதே காற்றழுத்தம், அதே கைவேகம். பம்பரைத் தரையில் படுக்கவைத்து அடிக்காமல், காரில் எப்படி நிற்குமோ அப்படியே ஸ்டாண்டில் நிறுத்தி அடியுங்கள். உங்கள் கார் மாஸ்டாவின் 46வி சோல் ரெட் கிரிஸ்டல் போல மூன்று அடுக்கு நிறம் என்றால் நீங்களாக முயலவேண்டாம் என்றுதான் சொல்வேன். நடு அடுக்கு ஒளி ஊடுருவும் நிறம், ஒரு கோட் கூடினாலும் குறைந்தாலும் வேறு சிவப்பு. வெள்ளை, கறுப்பு போன்ற திட நிறம் என்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றோடு தூவும் ஸ்ப்ரே கன்), 1.3 மில்லிமீட்டர் நாசில், உள்ளே போகும் காற்று சுமார் 2 பார், 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் பாதியை மூடவேண்டும். கலர் மங்கி மேட் ஆகும்வரை, பத்துப் பதினைந்து நிமிடமாவது பொறுத்து அடுத்த கோட். பெயிண்ட் டப்பாவில் போட்டிருக்கும் அளவுகள் வேறாக இருந்தால் டப்பா சொல்வதைக் கேளுங்கள், என்னை அல்ல. முதலில் ஓரங்களையும் குழிகளையும் அடித்துவிட்டு அப்புறம் பரந்த இடங்களுக்கு வாருங்கள். அடிப்பதற்கு முன் கடைசியாகத் துடைக்கும்போது உலர்ந்த துணியால் பரபரவென்று தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி அறையில் உள்ள தூசியெல்லாம் தேடி வரும்.

கிளியர் 2கே-ஆகத்தான் இருக்கவேண்டும், ஹார்டனர் கலக்காத சாதாரண லாக்கர் கல்லையும் பெட்ரோல் துளியையும் தாங்காது. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. இதில் நான் விளையாட்டாகப் பேசமாட்டேன். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஒரு முறை உடம்பு ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரும், அது வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். தூசி மாஸ்க், துணி மாஸ்க் எதுவும் இதற்கு உதவாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு, கையுறையும் உடம்பை மூடும் உடையும் அதோடு சேர்த்தி. டப்பாவின் அடியில் பொத்தானை அழுத்திக் கலக்கும் 2கே ஸ்ப்ரே கேனிலும் இதே மருந்துதான். வீட்டை ஒட்டிய மூடிய கராஜ், பக்கத்து அறையில் குழந்தைகள் என்றால் அடிக்கும் வேலையை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் நீங்கள் செய்தாலே மாஸ்கிங் டேப் கோடு இல்லாத சுத்தமான வேலை கிடைக்கும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

என் இரண்டாவது கிளியர் கோட்டில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது மட்டுமல்ல, நடந்தது. எடுக்கப் போகாதீர்கள். விரல் வைத்தால் கொசுவின் கால்தடத்துக்குப் பதில் உங்கள் விரல்தடம் இருக்கும். நன்றாக இறுகியதும் 2000 தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெஷினில் பாலிஷ் செய்யும் காம்பவுண்ட் பசை போட்டேன், இப்போது எந்த இடம் என்று எனக்கே தெரியாது. காம்பவுண்ட் போடும்போது மடிப்பு முனைகளில் மெஷினை நிறுத்தாதீர்கள், கிளியர் அங்கேதான் மெல்லிசு. சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரை நெருங்கி வைக்கவும் வேண்டாம், பம்பர் தொங்கி உருமாறிவிடும்.

மாட்டிய பிறகு ஒரு மாதமாவது மெழுகு போடாதீர்கள். பாதுகாப்புப் பிலிம் ஒட்டுவதாக இருந்தால் பெயிண்ட் டப்பாவும் பிலிம்காரரும் சொல்லும் காத்திருப்பு காலத்தில் எது நீளமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு தாழ்ந்த காருக்கு அந்தப் பிலிம் வீண் செலவில்லை.

நான் அந்தக் காத்திருப்பு முடியும் முன்பே நெடுஞ்சாலையில் போனேன். மூன்றாம் நாளே லாரிக்குப் பின்னால் முதல் கல். இறங்கிப் பார்த்தேன், குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. நகத்தை அதன் ஓரத்தில் வைத்து நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. வீட்டுக்கு வந்து பல்குச்சியால் ஒரு சொட்டுக் கலர் வைத்தேன்.