ஏரியா பெயர் கெட்ட வீடு: விலைக் குறைவை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கேள்வி: வடசென்னையில் 800 சதுர அடி ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். பக்கத்து ஏரியாவைவிடச் சதுர அடிக்கு 1,200 ரூபாய் குறைவு. செயின் பறிப்பு அதிகம் என்கிறார்கள். வாங்கலாமா? பின்னால் விலை போகுமா?

பதில்: முதலில் அங்கே வாடகை என்ன என்று விசாரியுங்கள். தெருவுக்குப் பயந்தால் குடியிருப்பவர் காலி செய்துவிட்டுப் போய்விடுவார். அதனால் பயம் வாடகையில்தான் முதலில் தெரியும். பக்கத்து ஏரியாவைவிட மாதம் 1,500 ரூபாய் குறைவு என்றால் ஆண்டுக்கு 18,000. வீட்டு விலையில் 3 சதவீதம் ஆண்டு வாடகையாக வரும் என்று வைத்தால், இது 6 லட்சம் விலைக் குறைவுக்குச் சமம். உங்களுக்குக் குறைவதோ (800 சதுர அடிக்கு 1,200 வீதம்) 9.6 லட்சம். மீதி 3.6 லட்சத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது: பிரிக்கப்படாத மனைப் பங்கு (கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் ஃபிளாட்டுக்குரிய பங்கு), பிளான் அப்ரூவல், மழைத் தண்ணீர். வாடகை சமமாக இருந்து விலை மட்டும் குறைந்தால் திருடனை விட்டுவிட்டுப் பத்திரத்தைப் பாருங்கள்.

எல்லாக் குற்றமும் விலையை ஒரே மாதிரி இறக்குவதில்லை. பொருளாதார ஆய்வாளர் ஸ்டீவ் கிப்பன்ஸ் 2004-ல் வெளியிட்ட லண்டன் ஆய்வில், பூட்டை உடைத்துத் திருடுவதால் விலையில் அளக்கும்படி மாற்றமில்லை. சுவர்க் கிறுக்கல், உடைத்த கண்ணாடி போன்ற சேதங்கள்தான் விலையை இறக்கின. வீடு பார்க்க வருபவர் கண்ணில் படுவது அவைதானே. இரவு 9.30 மணிக்குப் பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல்வரை நடந்து பாருங்கள். எரியாத தெருவிளக்கை மாநகராட்சி மாற்றிவிடும். ஊர் வாயில் விழுந்த பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பேச்சைச் சரிபார்க்க எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஆண்டுதோறும் அதன் எண் 1-லிருந்து தொடங்கும். டிசம்பர் கடைசி எண்ணே அந்த ஆண்டின் மொத்தம். சந்தேக மரணம்கூட அதில் சேரும் என்பதால் மொத்தத்தை மட்டும் பார்த்து மிரளாதீர்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பிரிவைப் பாருங்கள்: 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304 பறிப்பு, 305 வீட்டுத் திருட்டு, 309 வழிப்பறி. சம்பவ இடம் உங்கள் தெருவா, நிலைய எல்லையின் மறுகோடியா என்பதும் முக்கியம். பாலியல் வழக்குகள் போன்றவை இணையத்தில் ஏறாது.

மறுவிற்பனையைத் தீர்மானிப்பது வங்கி. சில கடன் நிறுவனங்கள் சில தெருக்களை 'நெகட்டிவ் ஏரியா' என்று ஒதுக்கி வைத்திருக்கும். உங்களுக்குக் கடன் மறுத்தால் நாளை உங்களிடம் வாங்குபவருக்கும் மறுப்பார்கள். ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வருவார், அடிமாட்டு விலைதான் கேட்பார். இரண்டு வங்கிகளில் முன்கூட்டியே கேளுங்கள். வழிகாட்டி மதிப்புக்கும் (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) கீழே பேசி முடித்தாலும் முத்திரைத் தீர்வை அந்த மதிப்புக்கே கட்ட வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

வங்கி மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டுப் போன பிறகே அட்வான்ஸ். முன்பே கொடுத்தாக வேண்டுமென்றால், கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.